அடிஸ் அபாபாவும் நம்மூரு அம்பது சதவீதமும்

"அதான் உள்ளாட்சியில அம்பது சதவீதம் குடுத்தாச்சே, இன்னும் என்னதான்யா வேணுமாம் இவங்களுக்கு?"

ஊருக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில ஒரு தடவையாவது காதுல விழுற கேள்வி இது. ஊர்னா பூலாம்பாடி. தெரியாதவங்களுக்கு: பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகா, பச்சைமலைக்குப் பக்கத்துல ஒரு பேரூராட்சி. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, அப்புறம் சிங்கப்பூர், மலேசியாப் பணம். இந்தக் கேள்விக்குப் பதிலா ஒரு பதிவு ரொம்ப நாளா பாதியிலேயே தூங்கிட்டு இருந்தது. ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்த வாரக் கடைசியில தான் முடிச்சேன். கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். 1993ல நடைமுறைக்கு வந்த 73, 74வது அரசியல் சட்டத் திருத்தங்கள் தான் ஊராட்சி, நகராட்சிகள்ல மூணுல ஒரு பங்கு இடம் பெண்களுக்குன்னு கட்டாயமாக்கினது. ஊராட்சிகள்ல வார்டு உறுப்பினருக்கு மட்டுமில்ல, தலைவர் பதவிகளுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டுல அதன்படி முதல் தேர்தல் 1996ல நடந்தது. 2016ல நம்ம சட்டசபை அதை அம்பது சதவீதமா ஆக்குச்சு. அந்த வருஷமே நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டு, கேஸுன்னு நின்னுபோய், கிராமப்புறத்துல 2019 டிசம்பர்லயும் (மாவட்டப் பிரிப்பு நடந்த 9 மாவட்டங்கள்ல 2021ல), நகர்ப்புறத்துல 2022 பிப்ரவரியிலயும் நடந்துச்சு. 2022ல 21 மாநகராட்சியில 11 மேயர்கள் பெண்கள். சென்னைக்கு பிரியா மேயரானப்போ அவங்களுக்கு வயசு 28. எனக்கும் ஏறக்குறைய அதே வயசு தான், இன்னும் டீம் லீடு கூட ஆகல. சரி, அது வேற சோகம் :-)

ஆக கீழ் மட்டத்துல டீக்கடை அண்ணன் சொல்றது சரி. இப்போ கொஞ்சம் மேல பாருங்க. 2021ல நாம தேர்ந்தெடுத்த சட்டசபையில 234 பேர்ல பெண்கள் 12 பேர். 2024ல தமிழ்நாட்டுல இருந்து டெல்லிக்குப் போன 39 பேர்ல 5 பேர். மொத்த மக்களவையில 543க்கு 74.

நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் மூணுல ஒரு பங்கு கேக்குற மசோதா 1996 செப்டம்பர்ல தேவகவுடா ஆட்சியில முதல்முறை வந்தது. கீதா முகர்ஜி தலைமையில கூட்டுக்குழு உட்கார்ந்து அதே வருஷம் டிசம்பர்ல அறிக்கை குடுத்துட்டாங்க. மூணே மாசம்! அதுக்கப்புறம் 1998, 1999ன்னு திரும்பத் திரும்பக் கொண்டு வந்தாங்க, திரும்பத் திரும்பக் காலாவதி ஆச்சு. 2010 மார்ச்ல மாநிலங்களவையில நிறைவேறுச்சு, மக்களவைக்கு வரவே இல்ல. கடைசியா 2023 செப்டம்பர்ல மக்களவையில 454 பேர் ஆதரவு, ரெண்டே ரெண்டு பேர் எதிர்ப்புன்னு 106வது திருத்தமா நிறைவேறுச்சு. 27 வருஷம். எனக்கு மழலையர் பள்ளியில பேர் பதியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது, நான் வேலைக்குச் சேர்ந்த அப்புறம் தான் முடிஞ்சது.

அதுலயும் ஒரு நிபந்தனை வச்சுத் தான் நிறைவேத்தினாங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியணும், அப்புறம் தொகுதி மறுவரையறை முடியணும், அதுக்குப் பிறகு தான் இது. பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு டிக்கெட்டைக் க்ளோஸ் பண்ண மனசில்லன்னா இன்னொரு டிக்கெட்டோட கோத்து விட்டுட்டு 'அது முடிஞ்சா இதைப் பார்க்கலாம்'னு எழுதி வைப்போம்ல, அதே டெக்னிக். 2024 தேர்தலுக்கு இது வரவே இல்ல. மாநிலங்களவைக்கோ சட்டத்துல இடமே இல்ல.

இங்கே தான் எனக்கு உறுத்துறது. ஊராட்சித் தலைவர் நாற்காலியில பாதியைப் பெண்களுக்குக் குடுக்குறப்போ, அதைக் குடுத்தவர் யாரும் தன்னோட நாற்காலியில இருந்து எழுந்திருக்கல. அடுத்தவன் சீட்டை எடுத்துக் குடுத்தாங்க. தன் சீட்டுன்னு வந்தப்போ கணக்கெடுப்பு, மறுவரையறை, உள் ஒதுக்கீடு (இது நியாயமான கேள்வி தான், ஆனா அதைக் கேட்டவங்க எல்லாரும் நியாயத்துக்காகவா கேட்டாங்கன்னு சந்தேகம்), ஒருமித்த கருத்துன்னு 27 வருஷம்.

நிற்க. எங்க ப்ராஜெக்ட்ல நைரோபியில இருந்து வேலை பார்க்குற ஒரு அக்கா இருக்காங்க. ஒருநாள் கால் முடிஞ்சும் பேசிட்டு இருந்தப்போ இந்தப் பேச்சு வந்துச்சு. "நீங்க கீழ இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க. எங்க கண்டத்துல பெண்கள் மேல இருந்து ஆரம்பிச்சாங்க, போய்ப் படி"ன்னாங்க. படிச்சேன். ஆப்பிரிக்கான்னா நமக்கு பஞ்சம், சிங்கம், கால்பந்து இந்த மூணு தானே தெரியும்? நாலாவதா ஒண்ணு சொல்றேன், கேளுங்க.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1963ல அடிஸ் அபாபாவுல ஆரம்பிச்சது. கையெழுத்துப் போட்டவங்க 32 நாட்டுத் தலைவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1962 ஜூலையில, தார் எஸ் சலாம் நகரத்துல பல நாட்டுப் பெண்கள் கூடி கண்டம் முழுக்க ஒரே பெண்கள் அமைப்பைத் தொடங்கிட்டாங்க. ஆம்பளைங்க கூடுறதுக்கு முன்னாடியே கூடிட்டாங்க, ஆனா உள்ளே இடம் கிடைக்க நாப்பது வருஷம் ஆச்சு.

அந்தப் பழைய அமைப்பைக் கலைச்சுட்டு ஆப்பிரிக்க ஒன்றியம்னு புதுசாக் கட்டினப்போ தான் வாய்ப்பு வந்தது. 2000ல லோமேயில ஏத்துக்கிட்ட அதோட அடிப்படைச் சட்டத்துலயே ஆண் பெண் சமத்துவம் ஒரு கொள்கையா உள்ளே போயிடுச்சு. 2002 ஜூலையில டர்பன்ல முதல் உச்சி மாநாடு. அது தொடங்குறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பெண்கள் அமைப்புகள் அதே ஊர்ல கூடி, தங்களோட கோரிக்கையை எழுதி, தலைவர்கள் கையில குடுத்தாங்க. இந்த வேலையில முன்னாடி நின்னவங்கள்ல முக்கியமானவங்க செனகலைச் சேர்ந்த பினெட்டா டியோப். மாநாட்டு முடிவுல ஒன்றியத்தோட ஆணையத்துல பாதிக்குப் பாதி பெண்கள்னு விதியே வந்துச்சு. அடுத்த வருஷம் மபுட்டோவுல ஆணையத்தைத் தேர்ந்தெடுத்தப்போ 10 பேர்ல 5 பேர் பெண்கள். அடையாளத்துக்கு ஒண்ணு ரெண்டு பேரை உட்கார வச்சு ஃபோட்டோ எடுக்குற கதை இல்ல. விவசாயம், வர்த்தகம், அரசியல்னு துறைகளைப் பார்க்குற இடம் அது. 2004ல தொடங்கின ஆப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கு முதல் தலைவரா வந்தவர் தான்சானியாவின் கெர்ட்ரூட் மொங்கெல்லா. 1995 பெய்ஜிங் பெண்கள் மாநாட்டை நடத்திக் காட்டினாங்களே, அவங்க தான்.

அதே 2003 ஜூலை 11ல பெண்கள் உரிமைக்கான மபுட்டோ ஒப்பந்தம் வந்தது. சொத்து, கல்யாண வயசு, உறுப்புச் சிதைப்புத் தடை, அரசியல்ல சம பங்கு எல்லாம் அதுல இருக்கு. காகிதத்துல வந்தாப் போதுமா? 15 நாடு உறுதி செஞ்சாத் தான் உயிர் வரும். இதுக்கு அந்தப் பெண்கள் செஞ்ச வேலை தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2004ல பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைச்சாங்க. உச்சி மாநாட்டுல கலர் கார்டு எடுத்துட்டு வந்தாங்க, கால்பந்து ரெஃபரி மாதிரி. கையெழுத்தே போடாத நாட்டுக்குச் சிவப்பு, கையெழுத்துப் போட்டு உறுதி செய்யாத நாட்டுக்கு மஞ்சள், உறுதி செஞ்ச நாட்டுக்குப் பச்சை. நம்ம ஆபீஸ்ல காலையில ஸ்டேட்டஸ் போர்டுல உங்க பேருக்கு நேரா சிவப்பு இருந்தா எப்படி இருக்கும்? ஒரு ஜனாதிபதிக்கும் அப்படித் தான் இருக்கும். 2005 நவம்பர் 25ல ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துடுச்சு. ரெண்டரை வருஷம் கூட ஆகல. நம்ம 27ஐ ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

உடனே 'ஆப்பிரிக்கா சொர்க்கமா?'ன்னு கும்ம வராதீங்க. இல்ல. ருவாண்டாவுல 2008 தேர்தல்ல 80 பேர் சபையில 45 பேர் பெண்கள், உலகத்துலயே முதல்முறையா பாதிக்கு மேல. ஆனா அங்கே எதிர்க்கட்சிக்கு மூச்சு விட எவ்வளவு இடம் இருக்குங்கறது தனிக் கேள்வி. பெண்கள் நிறைஞ்ச சபைன்னா அது சுதந்திரமான சபைன்னு அர்த்தம் ஆகிடாது. காம்பியாவுல உறுப்புச் சிதைப்புத் தடையையே எடுத்துடலாம்னு மசோதா கொண்டு வந்தாங்க, 2024 ஜூலையில தான் அதைத் தோக்கடிச்சாங்க. கென்யாவோட 2010 அரசியல் சட்டம் எந்த ஒரு பாலினமும் மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சொல்லுது. அதுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் போடாம இழுத்துக்கிட்டே போக, 2020 செப்டம்பர்ல தலைமை நீதிபதி டேவிட் மரகா 'இந்த நாடாளுமன்றத்தைக் கலைங்க'ன்னு ஜனாதிபதிக்கு எழுதிட்டார்! கலைக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்மூர்ல ஒரு நீதிபதி அப்படி எழுதினா டிவி விவாதம் எத்தனை நாள் ஓடும்? தன் சீட்டுன்னு வந்தா எல்லா ஊர் அரசியல்வாதியும் ஒரே ஜாதி தான் போல.

இந்த மாதிரி வேலைக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணும்னு கூட இல்ல. 1917ல அடையாறுல இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் டிசம்பர்ல மாண்டேகு சென்னைக்கு வந்தப்போ சரோஜினி நாயுடு தலைமையில ஒரு பெண்கள் குழு நேர்ல போய் ஓட்டுரிமை கேட்டுச்சு. நாலே வருஷத்துல, 1921ல, சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டு குடுத்துச்சு. சொத்து இருக்கறவங்களுக்கு மட்டும் தான், இருந்தாலும் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்கள்ல முதல்ல நம்மது தான். 1927ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபைக்குள்ள போய் அதன் துணைத் தலைவராவே ஆயிட்டாங்க. தேவதாசி முறையை எதிர்த்து உள்ளே அவங்க பேச, வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராப் போய்ப் பேச, அது 1947ல சட்டமாச்சு. உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு இயக்கம். இந்த ஜோடி தான் வேலை செஞ்சிருக்கு, டர்பன்லயும் சரி, மெட்ராஸ்லயும் சரி.

இப்போ நம்ம ஊராட்சிக்கு வருவோம். 'எல்லாம் வீட்டுக்காரர் தான் நடத்துறார், அந்தம்மா சும்மா கையெழுத்துப் போடுது' – இதைச் சொல்லாத ஆளே இல்ல. நடக்கறது தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊராட்சியில (பேர் வேண்டாம்) பணம் அனுப்புறதுக்கான டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, பென் டிரைவ் மாதிரி இருக்கும், அது தலைவரம்மாவோட வீட்டுக்காரர் சட்டைப் பையில தான் இருந்தது. ஓடிபி வர்ற செல்போனும் அவர் கையில. வடக்கே இதுக்கு 'பிரதான் பதி'ன்னு பட்டப் பேரே இருக்கு. 2023ல மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதை ஆராயறதுக்குன்னே ஒரு குழு போட்டது.

ஆனா இதைச் சொல்லி இடஒதுக்கீடே தண்டம்னு முடிக்கறவங்ககிட்ட எனக்கு ரெண்டு கேள்வி. பண்ணையார் சொல்றதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஆண் தலைவர்கள் நம்ம ஊர்ப் பக்கம் எத்தனை பேர் இருந்திருப்பாங்க? அவங்களுக்கு ஏன் ஒரு பட்டப் பேரும் வைக்கல? அடுத்தது, அந்தம்மாவுக்கு அதிகாரம் உண்மையிலேயே எவ்வளவு குடுத்திருக்கோம்? தமிழ்நாட்டு ஊராட்சியில தலைவர், துணைத் தலைவர் ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத் தான் பணம் வெளியே வரும். இடஒதுக்கீடு தலைவர் பதவிக்குத் தான், துணைத் தலைவர் பதவிக்கு இல்ல. தலைவர் தாழ்த்தப்பட்ட பெண்ணா இருந்து, துணைத் தலைவர் ஊர்ப் பெரிய மனுஷனா இருந்தா என்ன ஆகும்? அவர் ஒரு மாசம் கையெழுத்துப் போடலன்னா துப்புரவுப் பணியாளர் சம்பளம் நிக்கும், மோட்டார் ரிப்பேர் நிக்கும், பழி தலைவரம்மா மேல வரும். சிஸ்டம்ல அட்மின்னு பேர் குடுத்துட்டு பாஸ்வேர்டுல பாதியை அடுத்தவன்கிட்ட குடுத்து வச்சா அவன் தான் அட்மின்.

2020ல நம்ம பக்கத்து கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. தலைவர் ராஜேஸ்வரி தரையில, மத்தவங்க நாற்காலியில. அந்த ஃபோட்டோ வந்து நாடே பார்த்துச்சு. 2011 ஜூன்ல நெல்லை தாழையூத்துல தலைவர் கிருஷ்ணவேணியை ஒரு கும்பல் வெட்டுச்சு, பொழைச்சு வந்தாங்க. பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட முயற்சி பண்ணதும் அந்தப் பகைக்கு ஒரு காரணம்னு அப்பவே செய்தி வந்தது. ஒரு கழிப்பறைங்க. வெறும் கையெழுத்துப் போடுற பொம்மையை யாரும் அரிவாள் எடுத்து வெட்ட மாட்டாங்க.

புள்ளிவிவரம் கேக்கறவங்களுக்கு: மேற்கு வங்காளத்துலயும் ராஜஸ்தான்லயும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் (2019ல நோபல் வாங்கினாங்களே, அவங்க தான்) செஞ்ச ஆய்வு 2004ல வந்தது. தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கின ஊராட்சிகள்ல, அந்த ஊர்ப் பெண்கள் எதைப் பத்தி அதிகமாப் புகார் சொன்னாங்களோ, அந்த வேலைக்குக் கூடுதல் பணம் போயிருக்கு. குடிதண்ணி அதுல முக்கியமான ஒண்ணு.

எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். பூலாம்பாடியில முக்கால்வாசி வீட்டுல யாராவது ஒருத்தர் வெளிநாட்டுல இருப்பாங்க, இல்லன்னா இருந்திருப்பாங்க. எங்க அப்பாவும் பத்து வருஷத்துக்கு மேல மலேசியாவுல தான். அந்தப் பத்து வருஷமும் வெங்காயம் போடலாமா மக்காச்சோளம் போடலாமான்னு முடிவு பண்ணது அம்மா. பட்டறை போட்டு விலை ஏறுற வரைக்கும் காத்திருந்து மண்டியில பேசி வித்தது அம்மா. சொசைட்டிக் கடன், போர்வெல், என்னோட இன்ஜினியரிங் ஃபீஸ், அப்பாயி ஆஸ்பத்திரி, எல்லாம் அம்மா. ஆனா தெருவுல தண்ணிக் குழாய் எங்கே போடணும்னு நாலு பேர் கூடிப் பேசினா, "வீட்டுல ஆம்பள யாராச்சும் இருந்தா வரச் சொல்லும்மா"ன்னு ஒரு குரல் வரும். ஒரு தடவை அந்த ஆம்பளையா நான் போய் நின்னேன். எனக்கு அப்போ பதினாலு வயசு. குழாய் எந்தப் பக்கம் பள்ளம்னு கூட எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்.

இப்படி வீட்டையும் காட்டையும் தனியா நடத்தினவங்க ஒரு தெருவுக்குப் பத்து பேர் இருப்பாங்க. சுய உதவிக் குழுவுல கணக்கு எழுதிப் பழகினவங்க அதுல பாதி. அதனால 'தகுதியான பெண்கள் கிடைக்கல'ன்னு கட்சிக்காரங்க சொல்றதை நான் நம்பத் தயாரா இல்ல. ஒடிசாவுல பிஜு ஜனதா தளம் 2019ல எந்தச் சட்டமும் சொல்லாமலே 21 மக்களவைத் தொகுதியில 7ல பெண்களை நிறுத்துச்சு, 5 பேர் ஜெயிச்சாங்க. அஸ்கா தொகுதியில ஜெயிச்ச பிரமிளா பிசோயி சுய உதவிக் குழுவுல இருந்து வந்தவங்க. இங்கே நாம் தமிழர் கட்சி 2021ல 234க்கு 117 பெண்களை நிறுத்துச்சு. அவங்க கொள்கை பத்தி எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, அந்தத் தேர்தல்ல அவங்க ஒரு இடம் கூட ஜெயிக்கவும் இல்ல. ஆனா நிறுத்த ஆள் கிடைச்சுதா இல்லையா? ஜெயிக்கிற பெரிய கட்சிகளுக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமப் போகும்? மாநாட்டுல ஆரத்தி எடுக்க, கோலம் போட, தீர்மானத்துக்குக் கை தட்ட மகளிர் அணியில ஆயிரக்கணக்குல வர்றாங்களே.

நம்மகிட்ட இல்லாதது அந்தக் கலர் கார்டு. கட்சி வித்தியாசம் பார்க்காம எல்லா வேட்பாளர் பட்டியலையும் வரிசையா வச்சு, பேர் போட்டு எண்ணிச் சொல்ற ஒரு பெண்கள் கூட்டணி நம்ம கண்ணுல படற மாதிரி இல்ல. 33 சதவீதத்துக்கு நாடாளுமன்றத்துல மேஜையைத் தட்டின கட்சி, அடுத்த தேர்தல் பட்டியல்ல எத்தனை பெண்கள் பேர் போட்டுது, அதுல எத்தனை ஜெயிக்கிற தொகுதி, எத்தனை 'சும்மா நில்லு' தொகுதி? இதை எண்ணுறதுக்குக் கணக்கெடுப்பும் வேண்டாம், மறுவரையறையும் வேண்டாம். வேட்பாளர் விவரம் எல்லாம் தேர்தல் ஆணையத்தோட தளத்துலயே கிடைக்கும்.

அதனால ஒரு சின்ன வேலை ஆரம்பிச்சிருக்கேன். 2011, 2016, 2021 சட்டசபைத் தேர்தல்கள்ல ஒவ்வொரு பெரிய கட்சியும் பெண்களுக்குக் குடுத்த தொகுதிகள், அதே தொகுதியில அதுக்கு முந்தின தேர்தல்ல அந்தக் கட்சி ஜெயிச்சுதா தோத்துதா, எவ்வளவு வித்தியாசம்னு ஒரு அட்டவணை. பெரம்பலூர், அரியலூர், கடலூர், திருச்சி நாலு மாவட்டம் இதுவரைக்கும் முடிஞ்சிருக்கு. மதுரைப் பக்கம், கொங்குப் பக்கம் இருக்கற பதிவர்கள் அவங்கவங்க மாவட்டத்தை எடுத்துக்கிட்டா ஒரு மாசத்துல முடிச்சுடலாம். யாராவது வர்றீங்களா? பின்னூட்டத்துல மாவட்டம் பேரை மட்டும் போடுங்க, ஃபைலை அனுப்பி வைக்கிறேன். சிவப்பு மஞ்சள் பச்சை கலர் அடிக்கிற வேலையை நான் பார்த்துக்கறேன்.